க்யூரிங் என்றால் சூடு

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. டீ-ஷர்ட்டுக்கு அச்சுப் போடும் பிரிண்டிங் யூனிட்டில் அவருக்கு வேலை. அச்சடித்த துணி பெல்ட்டில் ஏறி, சூடான பெட்டிக்குள் நுழைந்து, மை இறுகி வெளியே வரும். அதற்குப் பெயர் க்யூரிங். அந்த மெஷினுக்கு முன்னால் நிற்பவர் என்பதால், இறுகக்கூடிய எல்லாவற்றுக்கும் தானே அதிகாரி என்று அவருக்கு நினைப்பு.

எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியைக் கண்ணால் பார்ப்பது பாதி, விரலால் தடவிப் பார்ப்பது பாதி. பொடி ஓட்டையும் நூல் முடிச்சும் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. விரல் நன்றாக இருக்கிறவரைதான் மேஜையில் இடம்.

எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிசல் விட்டது. பாத்ரூம் கதவிலும் ஓர் ஓட்டை. இவர் ஆன்லைனில் ஒரு பசை வரவழைத்தார். பேனா மாதிரி இருந்தது. ஒரு முனையில் பசை, மறுமுனையில் நீல விளக்கு. அட்டையில் பொடி எழுத்தில் ஆங்கிலம். கையுறை, கண்ணாடி என்று படம் வேறு போட்டிருந்தார்கள். இவர் கண்ணில் பட்டதோ ஒரே ஒரு சொல்.

"பாரு அம்மிணி, க்யூர்னு போட்டிருக்குது. க்யூரிங்னா சூடு. இதை எனக்கு வேற ஒருத்தன் சொல்லித் தரோணுமா?"

"ஏனுங்க, அப்ப அந்த லைட்டு எதுக்குங்க?"

"கரண்ட் இல்லாதப்ப ஒட்டறதுக்கு. நல்ல மனுசன், யோசிச்சுக் குடுத்திருக்கறான்."

மாடியில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த வீட்டு ஓனர் எட்டிப் பார்த்தார். "க்யூரிங்னா தண்ணி ஊத்தறதுங்களே! காங்கிரீட்டுக்கு நாங்க அதைத்தானுங்க பண்றோம்." இருவரும் வாசலில் நின்று வாதாடினார்கள். கடைசியில் சூடு ஜெயித்தது.

நாற்காலிக் காலில் பசையை அப்பி, மேலே செய்தித்தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தார். பசை இறுகவில்லை. நாற்காலிதான் இளகியது. கதவுக்கு ஹேர் டிரையர். அங்கேயும் பசை பாகு மாதிரி வழிந்தது. யூனிட்டில் அச்சு இறுகியதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார்களாம். அந்தப் பரிசோதனைக்கு வீட்டில் ஆள் யார்? நான்தான்.

"உன்ற வெரல் செக்கிங் வெரல். தொட்டுச் சொல்லு."

சோறு வடிக்கும்போதும், துணி காயப்போடும்போதும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். ஒட்டியதைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனேன். பிறகு நானே போனில் வீடியோ பார்த்து, அந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் பசை இறுகும் என்று சொன்னேன். அதையும் ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி கேட்டுக்கொண்டார். கண்ணாடி போடாமல், விளக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அடித்தார். சிவந்த கண்ணோடு வேலைக்குப் போய், தூசி விழுந்துவிட்டது என்றாராம். மேலே மட்டும் பாலாடை மாதிரி இறுகியது. வெளிச்சம் எட்டாத உள்பக்கம் அப்படியேதான் இருந்தது. பிதுங்கியதைத் துடைத்ததும் நான்தான்.

கொஞ்ச நாளில் என் விரல் நுனிகள் அரிக்க ஆரம்பித்தன. சிவந்து, உரிந்து, வெடித்தன. வெடிப்பில் நூல் மாட்டிக்கொண்டு இழுத்தது. ஒரு நாள் வெள்ளைப் பீஸில் ரத்தப்பொட்டு விழுந்தது. "வெரல் ஆறட்டுங்க்கா, அப்பறம் வாங்க" என்று சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னாலும் மேஜை போனது போனதுதான். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

தோல் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். சிரிக்கவில்லை. "முழுசா இறுகிட்டா பெருசா தொந்தரவு இல்லீங்க. இறுகாத பசை திரும்பத் திரும்பத் தோல்ல பட்டா அலர்ஜி வந்துரும். வந்துட்டா பெரும்பாலும் போகாது. இனி துளி பட்டாலும் இதே கதிதான். பல் அடைக்கப் போனாக்கூட முதல்லயே சொல்லிருங்க, அங்கயும் இந்த மாதிரி சாமான்தான் வெப்பாங்க."

மருந்து போட்டு, விரல் ஆறி, மறுபடி மேஜைக்குப் போனேன். முதல் நாளே கைக்கு வந்த கட்டு, வேறெங்கோ அச்சான டீ-ஷர்ட். நெஞ்சில் ஒரு புலி, மேடிட்டு, கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரலை வைக்கப் போனவள் எடுத்துக்கொண்டேன். அந்தப் பசை மாதிரி வெளிச்சத்தில் இறுகும் மையும் உண்டாம். இது சூட்டில் இறுகியதா, வெளிச்சத்தில் இறுகியதா? முழுதாகத்தான் இறுகியதா? சுற்றிலும் யாருக்கும் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பீஸைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஏனுங்க, இதை நாந் தொடலாமுங்களா?"

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பினார், இழுத்தார், முகர்ந்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வழக்கமாக நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

"எனக்குத் தெரியல அம்மிணி" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் இந்தச் சொல் வராதா என்று காத்துக் கிடந்தவள் நான். அன்றைக்கு மட்டும் அது வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.