முதல் செயற்கைக்கோளும் என் மெழுகு நூலும்

அரங்கின் வாசலில் இருந்த பெண் என் கழுத்தில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டிவிட்டாள். 'குடும்பத்தினர்' என்று இங்கிலீஷில் பெரிய எழுத்து, அதற்குக் கீழே என் கணவரின் பெயர். நாட்டின் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போய் ஐம்பது ஆண்டு ஆனதற்கான விழா அது. அந்த நாளில் அதற்காக வேலை செய்தவர்களுக்கு 'பணியாளர்' என்று நீல அட்டை கொடுத்தார்கள். எனக்கும் உடன் வந்த என் மகனுக்கும் வெள்ளைதான்.

"நானும் வேலை செஞ்சிருக்கேம்மா. எனக்கு நீல அட்டை குடு," என்றேன்.

அவள் கணினியில் தேடிவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள். "லிஸ்ட்டல்லி இல்ல ஆன்ட்டி. அங்கிள் பேரு மட்டும்தான் இருக்கு. டிரைவர்னு போட்டிருக்கு."

"அவர் வேன் ஓட்டினாரு. நான் உள்ள வேலை செஞ்சேன்."

"அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பழைய ஐடி, ஏதாவது இதியா ஆன்ட்டி?"

தினக்கூலிக்கு வந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் யார் கடிதம் கொடுத்தார்கள்? மேஸ்திரி வாயால் வரச் சொன்னார், நான் போனேன். மகன் என் முழங்கையைத் தொட்டு, "விடும்மா, ஒரு அட்டைக்குப் போய் எதுக்கு இவ்ளோ," என்றான். அவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். காலையில் எழுந்தால் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். எழுபது வயதாகியும் என் வேலையின் பெயரில் எனக்கு ஒரு அட்டை இருந்ததில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் மூட்டை இறக்கும் வேலை. அம்மா சிவாஜிநகர் மார்க்கெட்டில் பூக்கட்டி விற்றாள். எஸ்எஸ்எல்சி முடித்தேன், அதற்கு மேல் வழியில்லை. பத்தொன்பது வயதில், கை வேகமாக ஓடும் பெண்கள் வேண்டும் என்று பீன்யாவில் தகரக்கூரை போட்ட ஷெட் ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். அங்கேதான் செயற்கைக்கோள் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓடும் வயர்களை நீளவாட்டில் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் கட்டுவது எங்கள் வேலை. ராக்கெட் குலுக்கும்போது ஒரு வயர் இன்னொன்றில் உரசினால்கூட ஆபத்து என்றார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று பேர் உட்கார்ந்து கட்டினோம்.

எங்களை ஏற்றிவந்த வேனை ஓட்டியவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு வேலை நிரந்தரமானது, நான் பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டேன். நான்கு வருடம் முன்பு அவர் போய்ச் சேர்ந்தார். விழா அழைப்பு அவர் பெயருக்குத்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் வாசலிலேயே எனக்காகச் சண்டை போட்டிருப்பார்.

அரங்கின் நடுவில், அந்தச் செயற்கைக்கோளைப் போலவே அப்போது செய்து வைத்திருந்த இன்னொன்றை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே வயர் கட்டுகள் தெரிந்தன. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூச்சப்படாமல் துடைத்துக்கொண்டேன்.

அதன் அருகே கைத்தடியோடு ஒரு பெரியவர் காலேஜ் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது, குரல் மாறவில்லை. எங்கள் கட்டுகளை லென்ஸ் வைத்துச் சோதித்த எஞ்சினியர் அவர்.

"ஒரு பொண்ணு வந்தா, முதல் நாளே அரைமணியில ஒரு முழு கட்டு முடிச்சிட்டா," என்று அவர் சொன்னார். "என்னடா இவ்ளோ வேகம்னு பாத்தேன். மல்லிப்பூ கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கா. நுனியப் புடிச்சு இழுத்தேன், மொத்தமும் தளந்து போச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் பொண்ணு நான்தான். மீதியையும் சொல்லுங்க."

அவர் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார், நினைவு வரவில்லை. "என்ன மீதி?" என்றார்.

"பூச்சரம் ஒரே நூலா ஓடும், ஒரு பக்கம் விட்டா எல்லாம் விடும். இங்க ஒவ்வொரு முடிச்சும் தனியா நிக்கணும், ஒண்ணு அறுந்தாலும் பக்கத்துது அசையக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி எங்கம்மாவோட பூ நூல வெச்சு விளக்குமாத்துக் குச்சியில கட்டிக் கட்டிப் பழகினேன். மறுநாள் வந்து கட்டினத நீங்க இழுத்துப் பாத்தீங்க. வரல. திரும்ப இழுத்தீங்க. உங்க நகம்தான் பிஞ்சுது. 'ஏம்மா, பழிவாங்கறியா?'ன்னு கேட்டீங்க."

பெரியவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "நகம் பிஞ்சத நான் யாருக்கும் சொன்னதில்ல," என்றார். "அதுக்கப்புறம் இவங்க கட்டினதுல ஒண்ணைக்கூட நான் திருப்பி அனுப்பல." என் பக்கம் திரும்பி, "மேல போனதுலயும் உங்க கட்டு இருந்துதும்மா," என்றார்.

ஐம்பது வருடமாக எனக்குத் தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் இன்னொருவர் வாயால், நாலு பேர் நடுவில் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெருமையாக இருந்தது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

அவருடைய கண் என் கழுத்து அட்டையில் விழுந்தது. படித்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார், நாங்களும் பின்னாலேயே போனோம். "இவங்க பேர எழுதும்மா. வயர் கட்டினவங்க. சந்தேகம்னா நான் கையெழுத்துப் போடறேன்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் என் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். நீல அட்டை சூடாக வெளியே வந்தது. வெள்ளை அட்டையைக் கழற்றி, என் கணவரின் பெயர் கசங்காமல் கைப்பையில் வைத்தேன்.

திரும்பினால் மகன் தன் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"இதையும் மாத்திக் குடுங்க."

"சார், நீங்க ஃபேமிலிதானே? கரெக்டாத்தானே இருக்கு?" என்றாள் அவள்.

"ஃபேமிலிதான்," என்றான். "யாரோட ஃபேமிலிங்கறதுதான் தப்பு. கீழ எங்கம்மா பேரப் போடுங்க."