ரயில் இல்லாத ஸ்டேஷன்களில் ஒரு ரேஸ்

ரயிலே ஓடாத ஸ்டேஷன்களைச் சுற்றி ஒரு சைக்கிள் ரேஸ் நடத்தியவள் நான். யோசனை என்னுடையது. சீட்டு எழுதியது நான், விதி போட்டது நான், கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று சொன்னதும் நான். ஆனால் எங்கள் ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் "அதுவா, உங்க அண்ணன் நடத்தின ரேஸ்தானே" என்பார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காக, பெயர் கிடைக்கவில்லையே என்று நான் பொருமுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பெயரை அவனே வைத்துக்கொள்ளட்டும். என் கோபம் வேறு.

எங்கள் வீடு கெலமங்கலத்தில், ஸ்டேஷனுக்கு எதிரில். ஸ்டேஷன் என்றால் கட்டடம் மட்டும்தான். ஓசூரிலிருந்து தருமபுரிப் பக்கம் போகும் சின்ன ரயில் ஒரு காலத்தில் அந்த வழியாக ஓடியது. உலகச் சண்டை வந்ததும், இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது எனக்கு நான்கு வயது இருக்கும். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், தண்டவாளம் மட்டும் வரவில்லை. ஐம்பதுகளின் நடுவில் நான் எட்டாவது முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பிளாட்பாரத்தில் ஆடுகள் படுத்திருக்கும். டிக்கெட் அறையில் யாரோ கொள்ளு மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் ஓசூரில் டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் ஒன்று திறந்தார்கள். எட்டாவது முடித்த பெண்கள் சேரலாம், இரண்டு வருஷம் படித்தால் வாத்தியார் வேலை. ஹாஸ்டல் கிடையாது, தினமும் போய் வர வேண்டும். நைனாவிடம் கேட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கெட்டவர் இல்லை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பஸ்தான் அவருக்கு ஆகாது. ஒரே ஒரு பஸ், அதில் ஆம்பிளைகள் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வருவார்கள்.

"அந்தக் கூட்டத்துல உன்னத் தனியா ஏத்தி அனுப்ப முடியாது பாப்பா. ரயிலு இருந்தா வேற பேச்சு. பொம்பளைங்களுக்குன்னு தனிப்பொட்டி இருக்கும். உங்கம்மா அதுல தனியாவே ஓசூரு போய் வந்தவதான். ரயிலு வரட்டும், நானே கொண்டுபோய்ச் சேக்கறேன்."

நைனா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆகவே எனக்கு வேண்டியது ஒரு ரயில். கேட்டால் சிரிப்பீர்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தண்டவாளமே இல்லாத ஊருக்கு ரயிலைக் கொண்டுவரக் கிளம்பினாள்.

சிரிக்கும்படியான காரியமாகவும் அப்போது தெரியவில்லை. பழைய பாதையில் மறுபடி ரயில் விடலாமா என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வருகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஓசூர் வரை போவார் என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பகீரென்றது. அவர் வந்து என்ன பார்ப்பார்? ஆட்டுப் புழுக்கையும் கொள்ளு மூட்டையும். ஸ்டேஷன் செத்துக் கிடக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

அதே வாரம் அண்ணனும் அவன் சிநேகிதர்களும் சைக்கிள் கடையில் தினமும் சண்டை. யார் வேகமாக மிதிப்பது என்று. அண்ணன், சைக்கிள் கடைக்காரர், மாவு மில்லில் வேலை பார்த்த கன்னடக்காரர், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர், ஆக நான்கு பேர். வாய்தான் மிதித்தது, கால் மிதிக்கவில்லை. நான் அண்ணனிடம் சொன்னேன்: "பேசிகினே இருக்காதீங்க. அந்த ஞாயித்துக்கிழமை ஒரு ரேஸு வெச்சுக்கோங்க. எந்த ஊருக்குப் போவணும்னு சீட்டுப் போட்டு எடுக்கலாம்."

ஓசூர், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு. நான்கு ஸ்டேஷன், நான்கு சீட்டு. அன்று காலை கெலமங்கலம் ஸ்டேஷனில் இரண்டு சீட்டு எடுப்பது. எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் இரண்டு ஸ்டேஷனுக்கும் போய்விட்டுத் திரும்ப வேண்டும். அவர்களுக்கு இது விளையாட்டு. முன்கூட்டி யாருக்கும் வழி தெரியாது, யாரும் ஏமாற்ற முடியாது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கணக்கு வேறு. எந்த ஊர்ச் சீட்டு வரும் என்று தெரியாவிட்டால், நான்கு ஊர்க்காரர்களும் நம்ம ஊருக்குத்தான் வருவார்கள் என்று ஸ்டேஷனைப் பெருக்கிவைத்துக் காத்திருப்பார்கள் இல்லையா? அதிகாரி வரும்போது நான்கு ஸ்டேஷனிலும் கூட்டம் நிற்கும். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது, கூடவே வயிறும் எரிகிறது.

ஊருக்கு ஒரு பெண்ணாக, எனக்குத் தெரிந்த நான்கு பேருக்குக் கார்டு போட்டேன். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர், என்னோடு படித்துவிட்டு வேறு ஊருக்குப் போனவர்கள் இரண்டு பேர். அவரவர் ஊர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, வருகிறவர் மணிக்கட்டில் ஒரு கலர் நூல் கட்டிவிட வேண்டும். ஊருக்கு ஒரு நிறம். அந்த நிறம் எனக்கும் அவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து போய்வந்தேன் என்று யாரும் பீலா விட முடியாது.

கூடவே ஒரு மனுவும் எழுதினேன். ரயில் வேண்டும், அதில் பெண்கள் பெட்டி வேண்டும் என்று. எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். அம்மா முதல் ஆளாக வைத்தாள். அதிகாரி கையில் கொடுக்கச் சொல்லி அதை நைனாவிடம் தந்தேன். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொள்ளு மூட்டைகளை ஒதுக்கிவிட்டு டிக்கெட் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சொம்பில் சீட்டுகளைப் போட்டு, டிக்கெட் கொடுக்கிற சன்னல் வழியாக நீட்டினேன். சைக்கிள் கடைக்காரர் கைவிட்டு எடுத்தார். முதல் சீட்டு மாரண்டஹள்ளி. கன்னடக்காரர் அடுத்ததை எடுத்தார். ஓசூர். அதாவது கிழக்கே மாரண்டஹள்ளி வரை போய், வந்த வழியே திரும்பி, எங்கள் வீட்டு வாசலையே தாண்டிக்கொண்டு மேற்கே ஓசூர் போய், மறுபடி இங்கே வர வேண்டும். அறுபது மைலுக்குக் குறையாது. நான்கு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் பின்வாங்குகிற ஆட்கள் இல்லை. கிளம்பிவிட்டார்கள்.

பத்து மணி சுமாருக்கு அண்ணன் திரும்பி வந்து எங்கள் வாசலைத் தாண்டினான். கையில் மஞ்சள் நூல். மாரண்டஹள்ளிக்கு நான் வைத்த நிறம். அம்மா மோர்ச் சொம்போடு ரோட்டுக்கு ஓடினாள். ஓடுகிற சைக்கிளில் இருந்தபடியே வாங்கி, பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொம்பை வீசிவிட்டுப் போனான். ஊரே கை தட்டியது, நானும் தட்டினேன். அவன் ஜெயிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். பட்டாளத்துக்காரர் அவனுக்குப் பின்னால் போனார். சைக்கிள் கடைக்காரர் மூன்றாவது. கன்னடக்காரர் ராயக்கோட்டை மேட்டில் செயின் அறுந்துபோய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பாலக்கோட்டில் பிளாட்பாரம் நிறையக் கூட்டமாம். மாரண்டஹள்ளியில் பெண்கள் சாணி தெளித்துக் கோலமே போட்டிருந்தார்களாம். ராயக்கோட்டையில் மேளக்காரர்களைக் கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதிகாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே மூன்று மணிக்கு எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கையில் சின்ன நோட்டு. இளநீர் கொடுத்தோம். "ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் திருவிழா மாதிரி இருக்கே" என்றார். டிக்கெட் அறைச் சன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வருஷம் நான் ஓசூருக்கு ரயிலில் போகிறேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தான். மணிக்கட்டில் மஞ்சளும் சிவப்பும். சிவப்பு ஓசூருடைய நிறம். சரி என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், மாலை போட்டார்கள். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"காலைல ஆறு மணிக்கு சார்."

"மாரண்டஹள்ளியும் போய், ஓசூரும் போயிட்டு மூணரைக்குத் திரும்பியாச்சா? அந்தச் சின்ன ரயில்கூட இப்படி ஓடியிருக்காதே." சிரித்தார். "அப்போ உங்களுக்கு ரயில் எதுக்குப்பா?"

கேள்வி அவ்வளவுதான். அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். எங்க அம்மாவுக்கு வேணும் சார் என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சி படிக்கணும் சார் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அவனுக்குத் தெரியும். மனுவை நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவன் அவன்தான். ஆனால் கழுத்தில் மாலை, சுற்றிலும் கூட்டம், தலைகால் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"எங்களுக்கு எதுக்கு சார் ரயிலு? ரயிலோட ரேஸு வுட்டாலும் நாங்கதான் ஜெயிப்போம்."

கூட்டம் விசில் அடித்தது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து எழுதினார். சன்னல் வழியாக அந்தப் பென்சில் ஓடுவதைப் பார்த்தேன். என்ன எழுதினார் என்று நான் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நைனாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். மகன் ஜெயித்த சந்தோஷம். கையில் எடுத்துவைத்திருந்த மனுவை, இப்போது இதைக் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, நான்காக மடித்து மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியாது. டிக்கெட் அறையிலிருந்து வெளியே வந்து, அத்தனை ஆம்பிளைகளுக்கும் நடுவில் நின்றேன்.

"நைனா, சைக்கிளே போதும்னா எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க. நாளையிலருந்து நான் அதுலயே ஓசூரு போய்ப் படிச்சிட்டு வரேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். அண்ணன் சொன்னதற்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். "பொண்ணு நல்லாப் பேசுதே" என்று அதிகாரி நைனாவைப் பாராட்டினார். கன்னடக்காரர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அறுந்த செயினைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வூட்டுக்குப் போ" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். அப்போதாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ரயில் வரவில்லை. அதிகாரி எழுதியதால்தான் வரவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஒரு சைக்கிள் ரேஸுக்காக யாராவது ரயிலை நிறுத்துவார்களா என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு எனக்காகப் பேச வேண்டிய ஒரே வாய், எனக்கு எதிராகப் பேசியது. அதற்கு நிரூபணம் வேண்டாம், நான் காதால் கேட்டேன். அடுத்த தை மாசம் என்னைப் பாகலூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஓசூர் ஸ்கூல் வழியாகத்தான் பெண் அழைப்பு வண்டி போனது.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அகலமாக வேறு தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள். ஓசூரில் ஃபேக்டரிகளும் வந்தன. அண்ணன் மகள் வளர்ந்து, அவளுக்கு ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அவள் முதல்நாள் வேலைக்குப் போகும்போது நானும் கெலமங்கலத்தில் இருந்தேன். மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று அண்ணன் முன்னாலேயே விசாரித்து வைத்து, மகளைச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினான். வண்டி கிளம்பும்வரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி நடக்கும்போது சொன்னான். "ரயிலு இருக்கறதாலதான் பாப்பா, இவளத் தைரியமா அனுப்பறேன். பஸ்ஸா இருந்தா வேலையே வேணாம்னிருப்பேன்."

நான் நடையைக் கூட்டினேன். பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அவன் விடவில்லை. பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்.

"இங்கதானே அன்னிக்கு ரேஸு வுட்டோம்? நான்தானே ஜெயிச்சேன், ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது" என்றேன். "அதிகாரிகிட்ட நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அண்ணன் நின்றான். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தான்.

"எந்த அதிகாரி?" என்றான்.