குடிமகன் ஆகும் படிப்பு

சரித்திரத்தை ஒரு தொழிற்கல்வி என்று நம்பி நான் சில நாட்கள் படித்திருக்கிறேன். அந்த ஊக்கத்தோடு அதற்குப் பிறகு எதையும் படித்ததில்லை.

ராஜபாளையத்து மிடில் ஸ்கூலில் அப்போதுதான் முதல் பாரம், இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு, சேர்ந்திருந்தேன். எங்கள் கிராமத்திலிருந்து என்னோடு சேர்ந்த இன்னொருவன் ஊர்க் குடிமகனின் பையன். இந்தக் காலத்தில் குடிமகன் என்றால் ஓட்டுப் போடுகிறவர் நினைவுக்கு வரலாம். எங்கள் பக்கத்தில் அன்று அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஊருக்குச் சவரம் செய்கிறவர். தம் பையனைப் பள்ளியில் சேர்க்க அவர் பல வாசல்களில் போய் நின்றார். பையன் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரில் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். வருங்காலத்தில் தங்கள் கிருதாவை யார் ஒதுக்குவது என்று கவலைப்பட்டவர்களும் உண்டு.

சரித்திரம், பூகோளம், சிவிக்ஸ் மூன்றுக்கும் ஒரே வாத்தியார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு காலை ரயிலில் வருவார். ரயில் தாமதமானால் மௌரியர்களும் தாமதமாகவே வருவார்கள். வடசொல் கலவாமல் பேசவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். முதல் நாளே கரும்பலகையின் மேல்மூலையில் 'இவ்வகுப்பின் நோக்கம்' என்று எழுதி, கீழே கோடு இழுத்தார். பாடப்புத்தகத்தில் 'உத்தமப் பிரஜைகளை உருவாக்குதல்' என்று இருந்ததாம். அந்தப் பிரஜையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, 'ஒவ்வொருவரையும் நல்ல குடிமகன் ஆக்குதல்' என்று எழுதினார். ஆண்டு முடியும்வரை யாரும் அதை அழிக்கக்கூடாது என்றும் உத்தரவு.

வகுப்பு மொத்தமும் திரும்பி, கடைசிப் பலகையில் தனியே உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பையனைப் பார்த்துச் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் அந்தச் சிரிப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு, நல்ல குடிமகனிடம் தாம் எதிர்பார்ப்பதை எல்லாம் விளக்க ஆரம்பித்துவிட்டார். ஊரில் நடப்பது அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பிறர் வீட்டு நல்லது கெட்டதில் முன்னால் வந்து நிற்கவேண்டும். பெரியவன் சிறியவன் என்று பாராமல் எல்லாரிடமும் ஒன்றுபோல் நடக்கவேண்டும். சுத்தம் மிக முக்கியம்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் ஊர்க் குடிமகன் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தார். ஒரு வீட்டில் சண்டை வரப்போவது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரியும். அவர் இல்லாமல் ஊரில் யாரும் கல்யாணம் செய்துகொண்டதுமில்லை, செத்துப்போனதுமில்லை.

ஒரே ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. சவரத்துக்குச் சரித்திரம் எதற்கு? புத்தகத்திலிருந்த படங்களை உற்றுப் பார்த்தபோது விடை கிடைத்துவிட்டது. மொகலாயர்களுக்குத் தாடி இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு மீசை மட்டும் மிஞ்சியது. வெள்ளைக்காரத் துரைகள் மழுமழுவென்று இருந்தார்கள். ஆக, இந்திய சரித்திரம் தாடியில் தொடங்கி மெல்ல மெல்ல மழிக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் நான் படித்த தடித்தடியான நூல்கள் எதிலும் இத்தனை தெளிவைக் காணவில்லை. பூகோளத்துக்கும் காரணம் கண்டுபிடித்தேன். கத்தி தீட்டுகிற கல் எந்த மலையில் கிடைக்கும் என்று தெரிய வேண்டாமா?

குடிமகனின் பையன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருந்தான். பிறக்கும்போதே தெரிந்த பாடத்தைக் கேட்க அவன் எதற்கு அம்புட்டு தூரம் நடந்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் தகப்பனாருக்குச் சவரம். முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ரா போய் வந்தவர் அவர். மாட்டுத்தொழுவத்து நிழலில் முக்காலி போட்டு, அணிவகுப்பில் நிற்பதைப்போல் விறைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. நான் எதிரே குந்திக்கொண்டு கத்தி போகும் போக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னலே பார்க்கிறாய் என்று தகப்பனார் கேட்டார். பாடம் படிக்கிறேன் என்றேன். பிறகு கரும்பலகையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன்.

தகப்பனார் சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார்.

"எம்புள்ளைய செரைக்கவா அனுப்புதேன்? போதும்லே படிச்சது. நாளையிலருந்து மாட்டப் பத்திக்கிட்டுப் போ."

குடிமகனின் கை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, எம்பயலையுமா?"

ஒவ்வொருவரையும் என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். அவர் கத்தியை மடக்கினார். மகனுடைய வயிற்றுவலியின் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும்.

"அதுக்கு எதுக்குய்யா பள்ளிக்கூடம்? அத நானே சொல்லிக் குடுத்துருவேனே" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு, உத்தரவு கேட்காமலே வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மறு கன்னம் அப்படியே நின்றுபோயிற்று.

திங்கட்கிழமை ஒரே வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு வாதிகள் ராஜபாளையம் புறப்பட்டார்கள். தகப்பனார் துண்டால் ஒரு கன்னத்தை மூடிக்கொண்டு முன்னால் போனார். குடிமகன் நன்றாகத் தள்ளிப் பின்னால் வந்தார். இருவருக்கும் நடுவே நான். பள்ளியில் ஏற்கெனவே சில தெலுங்குக்கார வீட்டுப் பெரியவர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் குடிமகனை 'மங்கலி' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் வாத்தியாருக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையை அவர் இன்னும் கைவிடவில்லை. நாட்டுக்கு உரியவன் எவனும் குடிமகன்தான் என்றார். "நீங்களும் குடிமகன், நானும் குடிமகன், கலெக்டரும் குடிமகன்."

"இத கலெக்டர்ட்ட சொல்லியாச்சா?" என்று தகப்பனார் கேட்டார்.

சொல்லவில்லை என்பது வாத்தியாரின் முகத்தில் தெரிந்தது. அவர் பார்வை பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்றவர்மேல் போயிற்று. உள்ளே வரும்படி கையைக் காட்டினார். குடிமகன் வரவில்லை. "நீங்களுந்தான் ஐயா. நீங்களும் இந்நாட்டின் குடிமகன்" என்றார் வாத்தியார், மிகுந்த மரியாதையோடு.

"நாந்தான் ஆயி நிக்கனே சாமி. எம்பய ஆகாம இருக்கதுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க."

வாத்தியார் வகுப்புக்குள் போய், யாரும் அழிக்கக்கூடாத அந்த வரியில் 'குடிமகன்' என்பதைத் தாமே அழித்துவிட்டு, 'பிரஜை' என்று எழுதினார். தகப்பனாருக்குப் பரம திருப்தி. பிரஜை என்ன தொழில் செய்கிறவன் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஆகையால் அதில் கௌரவக் குறைவுக்கு இடமில்லை.

எனக்குத்தான் பெரிய ஏமாற்றம். பிரஜைக்குக் கத்தியும் இல்லை, பெட்டியும் இல்லை. மொகலாயர்களின் தாடி அன்றைக்கே ருசி இழந்துவிட்டது.

மறுநாள் குடிமகனின் பையன் வந்தான். அதே கடைசிப் பலகை. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, துக்கச் செய்தியை நானே சொன்னேன்.

"ஏலே, இனிமே நாம யாரும் குடிமகன் ஆகவேண்டாமாம்."

அவன் கரும்பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஒனக்குச் சரி" என்றான்.

கைக்கு வந்த வேலை நழுவிப் போனதில் அவனுக்கும் என்னைப்போலவே வருத்தம் என்று எண்ணி, ஆறுதலாக அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன்.