வெடிப்புக்குப் பின் வரும் மாதங்கள்

பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று கணினியில் வெடிக்கவைத்துப் பார்ப்பதுதான் இடப்பள்ளி ஆய்வகத்தில் என் வேலையாக இருந்தது. அந்த உயரத்தில் காளான் மேகம் எழாது. சிதறும் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, மாதக்கணக்கில் உலகைச் சுற்றும். அவற்றின் ஊடே போகும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும்.

அப்பா மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. அண்ணன் தோப்பும்படியிலிருந்து மீன்பிடிப் படகில் போகிறவன். எனக்கு வேலை நிரந்தரமாகிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

யார் குண்டு போட்டாலும், கடல்காற்றை அளக்கும் செயற்கைக்கோள்களும் சேர்ந்தே சாகும் என்று என் கணக்கு காட்டியது. அவை இல்லாவிட்டால் புயல் எச்சரிக்கை பிந்தும். அதை அறிக்கையில் தனிப் பகுதியாக எழுதினேன். துறைத்தலைவர் கோயம்புத்தூர்க்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"இத எடுத்துடும்மா. டெல்லியில கேக்க வர்றவங்களுக்கு அவங்க சாட்டிலைட் தாங்குமான்னு தெரிஞ்சா போதும்."

"கடல்ல இருக்கறவங்க, சார்?"

"அது நம்ம விஷயம் இல்ல."

நான் எடுக்கவில்லை. அவரே எடுத்துவிட்டு, அறிக்கையைத் தன் பெயரில் டெல்லியில் வாசித்தார். அடுத்து என் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

அண்ணன் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவன் கை நின்றது.

"எங்களப் பத்தி எழுதாம இருந்திருந்தா வேலை போயிருக்காது, அல்லே?"

"போயிருக்காது."

"பின்னே எதுக்கு எழுதினே? நாங்க கேட்டோமா?"

அவன் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனான். துறைத்தலைவர் மேல் எனக்கிருந்த கோபம் அதோடு சின்னதாகிவிட்டது. அவன் கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது பள்ளுருத்தியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். என்னோடு வேலை பார்த்தவளைப் போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். நான் எழுதிய புரோகிராம் இன்னும் அங்கே ஓடுகிறதாம். குண்டின் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறார்களாம்.

"நல்லா வேலை செய்யுது," என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள்.