சுருட்டி வைத்த பாய்

எதிர்வீட்டு டீச்சர் தன் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டபோது அதற்கு மூன்றரை மாதம். பெண் பிள்ளை. தாய் தினமும் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். தகப்பனுக்குச் சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் தலையைக் காட்டுவார். காலை ஏழரைக்கு என் இடுப்பில் ஏறுகிற பிள்ளை சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் இறங்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளபடியே அப்படித்தான்.

பிள்ளையோடு ஒரு ரப்பர் பாயும் வந்தது. யானை, மயில் படம் போட்ட தடித்த பாய். "தெனமும் கொஞ்ச நேரம் இதுல வுடுங்க பெரிம்மா" என்றாள் டீச்சர். சரி என்றேன். புதுப் பாய் அழுக்காகக் கூடாதென்று சுருட்டி பீரோ மேல் வைத்தேன்.

நான் மூன்று பெற்றவள். மூன்றையும் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிக்கு நடுவே வரப்பில் பழைய சேலையை விரித்துக் கிடத்திவிட்டுக் களை வெட்டியவள். நிமிர்ந்து பார்த்தால் சேலை ஒரு பக்கம் கிடக்கும், பிள்ளை ஒரு பக்கம் கிடக்கும். வாயெல்லாம் மண், தொடையில் எறும்பு கடித்த தடிப்பு. தூக்கி வைத்துக்கொள்ள ஆசைதான், கை ஒழியவில்லை. இப்போது மூன்றும் ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றன, என் கை இரண்டும் சும்மா கிடந்தன. அந்தக் கையில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தபோது அதைத் தரையில் போட எனக்கு மனசு வரவில்லை. கதியில்லாத வீட்டுப் பிள்ளைதான் தரையில் கிடக்கும் என்று என் மண்டையில் இருந்தது.

காலையில் போட்ட கவுன் சாயந்திரம்கூட மடிப்புக் கலையாமல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்: "எக்கா, இது கொழந்தையா, கடையில வெச்ச பொம்மையா?"

"கண்ணு வெக்காத, போடி" என்பேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியாது.

ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தது. மடியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிய ஒரு நிமிடத்தில், தானாகவே. கொழுக்கட்டை பிடித்துத் தெருவுக்கே கொடுத்தேன். ஏழாம் மாதம் உட்கார்ந்தது, அப்பம் சுட்டேன். கேப்பைக் கூழ் ஊட்டினால் கரண்டியைக் கடித்துக்கொண்டு விடாது. கீழே இரண்டு பல். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று டீச்சரின் போனில் மாதாமாதம் படம் வரும். அதில் உள்ளதைச் செய்துவிட்டால் பச்சைக் குறி போடுவாள். எழுத்தென்றால் நான் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். பச்சையைப் பார்க்கப் படிப்பு எதற்கு? வரிசையாகப் பச்சை. அந்தத் தெம்பில் தெருவில் நின்று சொல்லிவிட்டேன்: "பாத்துக்கினே இருங்க, ஒம்பதாம் மாசம் எங்க வூட்டு வாசப்படிய தாண்டும். தேங்கா ஒடச்சி, ஒரு குண்டான் மல்லாட்ட அவிச்சி எல்லாருக்கும் குடுப்பேன்."

ஒன்பது வந்தது, போனது. தவழ்கிற படத்துக்குப் பக்கத்தில் பச்சை விழவில்லை. பத்தும் பிறந்துவிட்டது.

"இன்னாக்கா, ஊற வெச்ச மல்லாட்ட மொளச்சிக்கினு வந்துடப் போவுது!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஒம் பையன் ஒன்ற வயசுலதான்டி நடந்தான். வந்துட்டா பேச."

வாய் பேசியதே தவிர மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இரண்டு தடவை பாயை இறக்கி விரித்தேன். விட்டதும் வீலென்று கத்தியது. பத்து எண்ணுவதற்குள் தூக்கிவிட்டேன்.

சாயந்திரம் வந்ததும் டீச்சர் கேட்பாள்: "இன்னிக்கித் தரையில வுட்டீங்களா பெரிம்மா?"

"வுட்டேன், வுட்டேன். அது அசையல."

முதல் நாள் சும்மா வாயில் வந்துவிட்டது. அப்புறம் தினமும் அதையே சொன்னேன். மூன்று பெற்றவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று இந்தச் சின்னப் பெண் நினைத்துவிடக் கூடாதே.

என் பொய்யை நம்பி அவள் பயந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை அவள் இறக்கிவிட்டாலும் கத்தத்தான் செய்யுமாம். லீவு போட்டு விழுப்புரத்தில் குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் காலை மடக்கினார், நீட்டினார், முட்டியைத் தட்டினார். "தெனமும் தரையில விடறீங்களா?" என்றார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"இவ்ளோ நாள் விட்டும் நகரலன்னா, பாண்டிச்சேரியில நரம்பு டாக்டர் ஒருத்தர பாத்துடுங்க. மயக்க மருந்து குடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்" என்று சீட்டு எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துப்பட்டா நுனி நனைந்திருந்தது. பிள்ளை என் மடியில் இருந்து முன் சீட்டை எட்டி எட்டி உதைத்தது. நல்ல பலமான உதை. இந்தக் காலையா மயக்கம் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. எனக்கு உட்காரவே முடியவில்லை.

"டீச்சரு, அந்தச் சீட்ட கிழிச்சிப் போடு."

"ஏன் பெரிம்மா?"

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. நான் அத பத்து எண்ணுற நேரங்கூட தரையில வுட்டதில்ல. பாயி பீரோ மேல கெடக்குது."

"தெனமும் கேட்டேனே."

"கேட்ட. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏழரைக்குப் பிள்ளை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. பெருக்கின வாசலையே நாலு தடவை பெருக்கினேன். இடுப்பில் கனம் இல்லாமல் எனக்கு நேராக நிற்கக்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வந்தாள். "பாயி எங்க?" என்றாள். நானே இறக்கிக் கொடுத்தேன். உதறி விரித்து, பிள்ளையை அதில் உட்காரவைத்தாள்.

"டாக்டருக்குப் போன் போட்டேன். நல்லா திட்டனாரு. ஒரு மாசம் கீழ வுட்டுப் பாக்கச் சொல்றாரு. அப்பவும் நகரலன்னா பாண்டிச்சேரிதான். அழுதா தூக்கக் கூடாது பெரிம்மா, பக்கத்துல ஒக்காந்து வெளையாட்டு காட்டுங்க. முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடுங்க."

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "முடியும்" என்றேன்.

முதல் வாரம் பிள்ளை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "தூக்கேன்க்கா, இன்னாக்கா கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கற!" கை தானாக நீண்டுவிடுமென்று இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாட்களை எண்ணினேன். பத்து. பதினைந்து. இருபது. பிள்ளை பாயில் உட்கார்ந்து யானையின் கண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்ததே ஒழிய நகர்ந்தபாடில்லை.

இருபத்துமூன்றாம் நாள் கூழ்க் கரண்டி கை தவறி உருண்டு போயிற்று. பிள்ளை அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்த்து ஒரு சாண் நகர்ந்தது. இன்னும் ஒரு சாண். கரண்டி கைக்கு வந்துவிட்டது.

போனில் இருந்த படம் மாதிரி இல்லை அது. முட்டி போட்டுத் தவழவே இல்லை. டாக்டர் போனில் கேட்டுவிட்டு, சில பிள்ளைகள் இப்படித்தான் போகும், பாண்டிச்சேரி வேண்டாம் என்றாராம். "ஆட்டோவ தள்ளிக்கினு போற மாதிரி இருக்குதுக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிள்ளை தேய்த்துத் தேய்த்து வாசற்படிக்கு வந்தது. ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு வெளிப்பக்கம் பொத்தென்று சரிந்தது. அழுதது. என் கை நீண்டது, மடக்கிக்கொண்டேன். மண்ணில் ஒரு கூழாங்கல் அகப்பட்டதும் அழுகை நின்றுவிட்டது.

தேங்காயை உடனே உடைக்கவில்லை. தாய் வரட்டும் என்று மல்லாட்டையை மட்டும் அடுப்பில் ஏற்றினேன்.

ஆறு மணிக்கு வந்தாள். "இன்னிக்கித் தரையில வுட்டீங்களா பெரிம்மா?"

நான் பிள்ளையைத் திருப்பிக் காட்டினேன். கவுனின் பின்பக்கம் முழுக்க வாசல் மண்.

அவள் அதைத் தட்டக்கூட இல்லை, அப்படியே அணைத்துக்கொண்டாள். தேங்காயை அவள்தான் உடைத்தாள். மல்லாட்டை தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

பிள்ளை இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. டீச்சர் இன்றைக்கும் பஸ்ஸிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறதில்லை, முதலில் கவுனின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும்.