துணுக்காய்க்குப் போன கார் கும்பிட்டபடி திரும்பிய கதை

அந்த எண்ணம் என் தலையில் உதித்தது என்று சொல்வது வெறும் பேச்சல்ல. புதன்கிழமை பின்னேரம் இரணைமடு வாய்க்கால் மதகில் எங்கள் கார் ஏறி இறங்கியபோது, பின்பக்கம் ‘டமார்’ என்று அடித்தது. நான் துள்ளிப்போய்த் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டேன். அந்த இடியோடுதான், இந்தக் காரின் பின்பக்கத்தை எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும் என்று தோன்றியது.

காரைச் செய்த கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் பிழையில்லை. நாலு பேர் ஏறி நல்ல தெருவில் போவதற்கென்று செய்த காரில், கிளிநொச்சிக் குடியேற்றத்துக் கமக்காரர் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை நெல் மூட்டை ஏற்றுவார் என்று அவர்கள் எப்படிக் கண்டார்கள்? நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். வெள்ளாமை வெட்டினால் அங்கேயுள்ள ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் புதுநெல் போகவேண்டும். ஒருவருக்குப் போய் மற்றவருக்குப் போகாவிட்டால் அடுத்த கலியாணத்தில் எங்களுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்ட ஆளிராது. ஆகவே கார் நெல்லோடு போகும். மாம்பழத்தோடும் பனங்கட்டியோடும் திரும்பும். பூநகரிச் சின்னம்மா வீட்டுக்குத் தனிப் பயணம்.

“நான் எங்கை பாரம் ஏத்திறனான்? ஆக நாலு மூட்டை,” என்பார் ஐயா, என் தகப்பனார்.

கடைசியில் பாரம் தாங்கும் வில்லுத் தளர்ந்து, பின்சில்லுக்கும் அதன் மேலுள்ள மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது என்ற நிலை வந்தது. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஐயா தீர்ப்புச் சொன்னார். வவுனியாவிலிருந்து நெல் வியாபாரி காதர் நானா சனிக்கிழமை வந்து பார்ப்பார், பிடித்தால் கொண்டுபோவார், அந்தக் காசுக்கு ஒரு சோடி எருது வாங்குவோம். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவன் நான். அந்தக் காரும் போனால் எனக்கு மிஞ்சுவது வயல் வரம்பு மட்டுந்தான்.

“ரெண்டு நாள் தாங்கோ ஐயா. நான் நிமித்திக் காட்டுறன்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்,” என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் கிளிநொச்சியில் அலைந்தேன். புதுச் சாமான் கப்பலில் வருவது நின்றுபோன காலம். பழைய லொறியின் வில்லுத் தகடு ஒன்று கிடைத்தால் வெட்டிச் சேர்க்கலாம் என்று பார்த்தால், அதுவும் இல்லை. உழவு மெசின் ஓட்டும் துரை அண்ணைதான் காரணம் சொன்னார்.

“தம்பி, காடு வெட்ட வந்த சனம் இது. லொறித் தகட்டிலை அடிச்ச கத்தி மாதிரி வேறை கத்தி இல்லை. நீ இந்தக் கொலனியிலை வில்லுத் தேடுறதெண்டால் ஆக்களின்ரை குசினிக்குள்ளைதான் தேடோணும்.”

துணுக்காயில் ஒரு கொல்லர் இருக்கிறார், மாணிக்க ஆசாரியார், அவரிடம் இருக்கலாம் என்றார். தானும் வருவதாகச் சொன்னார். மருமகனுக்கு ஒரு கத்தி அடிக்கக் கொடுக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கண்டி வீதியில் தெற்கே ஏழு மைல் போனால் முறிகண்டி. அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டாது. தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டோம். அங்கேயிருந்து மாங்குளம் பத்து மைல். அங்கே குடித்த பாலில்லாத பிளேன்ரீ பத்துச் சதம். மாங்குளத்தில் மேற்கே திரும்பினால் துணுக்காய் பன்னிரண்டு மைல். அந்தப் பன்னிரண்டையும் தெருவென்று எழுதினால் தெரு கோபிக்காது, தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் பின்பக்கம் இடித்தது. எண்ணிக்கொண்டு வந்த துரை அண்ணை நாற்பதோடு விட்டுவிட்டார்.

ஒன்பதரைக்குப் பட்டறை. இரண்டு பக்கமும் குளத்து நீர் பாயும் வயல், நடுவே ஒரு பெரிய வாகை மரம், அதன் கீழ் உலை. மாணிக்க ஆசாரியார் மெலிந்த மனிதர். வண்டி வில்லுக்குப் பெயர்போனவர். காரைச் சுற்றி வரவில்லை. பின்னால் குந்தியிருந்து ஒரே பார்வை பார்த்தார்.

“காருக்கு ஒண்டுமில்லை. களைச்சுப் போச்சுது,” என்றார்.

உலைக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட லொறித் தகடு சாத்தியிருந்தது. என் கண் அதிலேயே நின்றதைக் கண்டுவிட்டார்.

“அது தகடில்லைத் தம்பி. ரெண்டு காட்டுக்கத்தி. இன்னும் அடிக்கேல்லை, அவ்வளவுதான்.”

துரை அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். மருமகனின் கத்தி அதற்குள்ளேதான் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, “பெடியன்ரை காரிலை கட்டிவிடுங்கோ. மருமகன் இன்னும் ஒரு மாதம் பழைய கத்தியோடை கிடக்கட்டும்,” என்றார்.

காரை மரக்குற்றியில் ஏற்றி, சில்லுக் கழற்றி, இரண்டு பக்க வில்லையும் இறக்கினோம். ஆசாரியார் கட்டுப் பிரித்துத் தகடு தகடாக எடுத்து, நெருப்பில் வைக்காமல், பச்சை இரும்பாகவே பட்டடையில் வைத்துச் சிறு சிறு அடியாக அடித்து வளைவை மீட்டார். நெருப்புக் காட்டினால் உருக்கின் உரம் போய்விடுமாம். புத்தகத்திலும் அப்படித்தான் படித்திருந்தேன் என்று சொன்னேன்.

“அப்ப புத்தகம் சரி,” என்றார்.

பிறகு லொறித் தகட்டைக் கையில் எடுத்து, வண்டிக்காரரிடம் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தினை மூட்டைக்கு?”

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். உண்மை நாலு. ஆனால் எந்தப் பாரத்துக்கும் மேலதிகமாகக் கொஞ்சம் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதியது கண்ணுக்குள் நின்றது. “ஆறு,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

ஆசாரியார் அந்தத் தகட்டை வெட்டி இரண்டு வில்லிலும் சேர்த்தார். ஆறு மூட்டைக்கே அடித்தார். மூன்று மணிக்குக் கார் குற்றியிலிருந்து இறங்கியது. இறங்கியது என்று சொல்வது பிழை. முன்பக்கம் இறங்கியது. பின்பக்கம் இறங்கவேயில்லை. மட்காட்டுக்கும் சில்லுக்கும் நடுவே தேங்காய் உருட்டலாம்.

துரை அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்தார். “குளத்திலை தண்ணி குடிக்கிற மாடு,” என்றார்.

“வெறுங்காராய் ஏன் ஓடுறாய்?” என்றார் ஆசாரியார். “மூட்டையை ஏத்து, சரியா வரும்.” கூலி பன்னிரண்டு ரூபாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழி வேறு விதமான துன்பம். இப்போது பின்பக்கம் இடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் குதிரைபோல உதறியது. துரை அண்ணை இருக்கையிலிருந்து வழுகி வழுகி, முழங்கால் முட்ட முன்கண்ணாடிப் பக்கம் போனார். மாங்குளம் சந்தியில் பஸ்ஸைத் தவறவிட்ட சனம் நின்றது. நிறுத்தினேன்.

“கிளிநொச்சிப் பக்கம் போறவை ஏறுங்கோ! காசு வேண்டாம், பாரம்தான் வேணும்!”

ஒருவரும் அசையவில்லை. பலாப்பழக் கடகத்தோடு நின்ற ஒரு அம்மா, “காசு வேண்டாமெண்டு சொல்ற கார்தான் தம்பி பயம்,” என்றார்.

துரை அண்ணை இறங்கிப்போய் விளக்கினார். பிறகு மூன்று பெண்கள், ஒரு வாத்தியார், இரண்டு பலாப்பழம், பின்பெட்டிக்குள் ஒரு சாக்கு வெங்காயம். ஆள் ஏற ஏறக் கார் நிமிர்ந்தது. வாத்தியார் ஏறியதும் ஏறக்குறைய மட்டமாகிவிட்டது. பத்து மைல், ஒரு இடியில்லை, ஒரு உதறலில்லை. என் ஆயுளில் அப்படி ஒரு ஓட்டம் ஓடியதில்லை.

முறிகண்டியில் எல்லாரும் இறங்கிக் கும்பிடப் போனார்கள். பாரம் போனதும் கார் மெல்ல மெல்லப் பின்னால் எழுந்து, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளையாரைப் பார்த்து நின்றது. கச்சான் விற்கிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“எத்தினையோ கார் இங்கை நிண்டு போகுது. தானாய்க் குனிஞ்சு கும்பிட்ட கார் இதுதான்.”

பின்னேரம் ஆறு மணிக்கு ஐயா வீட்டு வாசலில் நின்றார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நாளைக்கு நானா வரட்டும்,” என்று உள்ளே போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காதர் நானா வந்தார். வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணன், கார் எண்டுதானே சொன்னியள்? இது வெட்டுக்கிளி எல்லே!”

ஐயாவுக்குச் சுருக்கென்றது. தன் காரைத் தான் ஏசலாம், வவுனியாக்காரர் ஏசலாமா? “மூட்டையை ஏத்து,” என்றார் என்னிடம். ஏற்றினேன். இரண்டு மூட்டைக்கு அசைந்தது. நாலுக்கு இறங்கியது. ஆறாவது மூட்டையோடு, மேசையில் தட்டு வைத்ததுபோல் மட்டமாக நின்றது. ஐயா தானே ஏறி, அந்த வாய்க்கால் மதகில் மூன்றுதரம் ஏறி இறங்கினார். சத்தமே இல்லை.

நானாவின் முகம் மாறிவிட்டது. சில்லடியில் குந்தி, வில்லைத் தடவிப் பார்த்தார். “ஆறு மூட்டைக்கு அசையேல்லையே அண்ணன். இது எனக்கெண்டே செய்த கார். சொன்ன விலைக்கு மேலை இருநூறு தாறன்.”

எனக்கு உலகம் இருண்டது. விற்கக்கூடாது என்று திருத்திய காரை, விற்பதற்கென்றே திருத்தியிருக்கிறேன்!

ஐயா நானாவை ஏற இறங்கப் பார்த்தார். “இருநூறு கூடத் தாறதெண்டால் இதிலை என்னவோ இருக்கு,” என்றார். “கார் விக்கிறதுக்கில்லை நானா. இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ.”

நானா தேத்தண்ணி குடித்தார். போகும்போது என் காதருகில், “அந்த ஆசாரி எந்த ஊர் தம்பி?” என்று கேட்டார். சொன்னேன்.

கார் நிற்கிறது. ஆனால் வெறுமையாக ஓடினால் இன்னும் வெட்டுக்கிளிதான். பின்னேரம் கோயிலுக்குப் போன அம்மா பின்னிருக்கையிலிருந்து வழுகி, இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை பூநகரிப் பயணம். போகும்போது சின்னம்மாவுக்கும் அயலுக்குமாக ஆறு மூட்டை இருக்கிறது, பயமில்லை. திரும்பும்போது பாரத்துக்கு எங்கே போவது? நெடுந்தூரம், மணல் தெரு, பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் சனமும் அங்கே குறைவு. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சின்னம்மாவையும் சித்தப்பாவையும் நாலு பிள்ளைகளையும் திரும்பும் காரில் எங்களோடு வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் நிற்கச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டேன். எடை சரியாக வரும்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.