தரம் ஒன்றுக்கு ஒரே பிள்ளை

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த கையோடு ஊரே அவளில் பாசம் வைக்கத் தொடங்கியது. எனக்கு அப்போதே சந்தேகம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே வரும் எங்கள் வீதியில் ஒருத்தரும் சும்மா சிரிக்கமாட்டார்கள்.

கடைக்கார அண்ணர்தான் முதலில் அகப்பட்டார். சீனி வாங்கப் போனால் பிள்ளையின் கையில் பிஸ்கட் பக்கற்றைத் திணிப்பார், காசு வாங்கமாட்டார். ஒரு டொபிகூட இனாமாகத் தராத மனிதர் அவர். பிறகு பஸ் கொண்டக்டர் எங்களைக் கண்டதும் ஆட்களை எழுப்பி இடம் பிடித்துத் தந்தார். எதிர்வீட்டுக் கிழவர் மாம்பழம் கொண்டுவந்தார். நான் அதைக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பூச்சிதான் தெரியும் என்று கணவர் பகிடி பண்ணினார்.

காரணம் விளங்கக் கனநாள் எடுக்கவில்லை. அடுத்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றுக்குச் சேரும் வயதில் இருந்தது என் மகள் ஒருத்திதான். இளம் குடும்பங்கள் கனடா, வவுனியா என்று போய்விட்டன. மிச்சம் இருப்பவர்களில் பாதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்திமார் நாலு பேர். பிள்ளைகள் அதில் இரண்டு மடங்குகூட வராது. புதிதாக ஒரு பிள்ளையும் சேராவிட்டால் பூட்டிவிடுவார்கள் என்று கதை. நாங்களோ மகளை முள்ளியவளையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் விடத் தீர்மானித்திருந்தோம்.

பிஸ்கட் எதற்கு என்று கடைக்கார அண்ணரை நேரே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"பள்ளிக்கூடம் பூட்டினா வாத்திமார் வரமாட்டினம். காலமை பஸ் அவையளை நம்பித்தான் ஓடுது. பஸ் நிண்டா எனக்குச் சாமான் வராது, வயசுபோனதுகள் கிளினிக் போகேலாது. எல்லாம் உங்கட பிள்ளையிலதான் தொங்குது, தங்கச்சி."

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு பஸ்ஸையும் கடையையும் ஏற்றுவதா? கடையைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு டொபிப் போத்தல்கள் இருந்த தட்டில் மூட்டுவலித் தைலம் அடுக்கியிருந்தது. சீனியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கு வந்தார். கையில் புதுப் புத்தகப்பை. கதிரை நுனியில் இருந்துகொண்டு, ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு ரீச்சர் கிடைப்பது எவ்வளவு வசதி என்று சிரித்துச் சிரித்து விளக்கினார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

"உங்கட மகன் எங்க படிக்கிறார், ரீச்சர்?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "வவுனியாவில," என்றார். புத்தகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்க சேர்க்கேக்க நான் இந்தப் பள்ளிக்கூடத்தை யோசிக்கேல்லை. இப்ப உங்களிட்ட வந்து கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எண்டாலும் கேக்கிறன்."

பிஸ்கட்டுக்கும் மாம்பழத்துக்கும் மசியாத நான் இதற்கு மசிந்துவிட்டேன். இத்தனை நாளில் சிரிப்பை விட்டு, வெட்கப்பட்டுக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கணவரோடு பெரிய சண்டை நடந்தது. ஒரு வருடம் பார்ப்போம், சரிவராவிட்டால் மாற்றுவோம் என்று ஒருவாறு முடிந்தது.

கால்கோள் விழாவில் புதுப் பிள்ளைகளுக்குத் தரம் இரண்டுப் பிள்ளைகள் மாலை போட்டு அழைத்துப்போவது வழக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் இரண்டிலும் ஆள் இல்லை. நாலாம் வகுப்புக்காரன் ஒருவன் குனிந்து மகளுக்கு மாலை போட்டான். மண்டபம் நிறையச் சனம். பேரப்பிள்ளைகளைப் போனில் மட்டும் பார்க்கிற கிழவர்களும் கிழவிகளும் கைதட்டி ஓயவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவங்கள், நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்றுகூட நினைத்தேன்.

மகள் மாலையைக் கழற்றிப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு அதிபரைக் கேட்டாள்.

"வாற வருசம் நான் ஆருக்குப் போடுறது, ரீச்சர்?"

அதிபர் என்னைப் பார்த்தார். கடைக்கார அண்ணர் திரும்பினார், கொண்டக்டர் திரும்பினார், பிறகு மண்டபமே திரும்பி என் வயிற்றைப் பார்த்தது. இன்றைக்கே பெற்றாலும் தரம் ஒன்றுக்கு வர இன்னும் ஐந்து வருடம் வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்வது? நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் எதிர்வீட்டுக் கிழவர் மறுபடி வந்தார். இந்தமுறை அவர் கொண்டுவந்தது மாம்பழம் இல்லை, புளி மாங்காய்.